சைகோனில் சுல்தானின் மேஸ்திரி

டான் சோன் நாட் விமான நிலையத்தில் எனக்காக ஒரு துணிப் பதாகை காத்திருந்தது. சிவப்பு மையில் வியட்நாமிய எழுத்து. மேலும் கீழும் புள்ளிகளும் கொக்கிகளும். ஒரு முனையை ஹமீது மரைக்காயர் பிடித்திருந்தார், மறுமுனையை லூர்துசாமி. இருவருக்கும் நடுவே ஓர் இராணுவ லாரி புகுந்து போக விரும்பியதால் பதாகையைச் சுருட்டி, வழிவிட்டு, மறுபடி விரித்தார்கள். லாரியிலிருந்த சிப்பாய்கள் பதாகையைப் படித்துவிட்டு எனக்கு சல்யூட் அடித்தார்கள். நானும் கையை உயர்த்தினேன். ஏன் என்று அப்போது தெரியாது.

நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். அது அறுபதுகளின் நடுப்பகுதி. நானூறு வருஷத்துக்கு முன் துருக்கியில், உஸ்மானிய சுல்தான்களின் அரண்மனையில் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து ஏராளமான பள்ளிவாசல்களைக் கட்டிய ஒரு மனிதரைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதியிருந்தேன். துருக்கியைப் பார்த்ததில்லை. நூலகத்துப் புத்தகங்களும் மங்கலான படங்களும்தான் என் மூலதனம்.

ஹமீது மரைக்காயர் காரைக்காலிலிருந்து இளவயதில் போய் சைகோன் சந்தையருகே துணிக்கடை வைத்தவர். அங்கே தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஒரு சின்னப் பள்ளிவாசலுக்கு அவர்தான் நிர்வாகி. என் கட்டுரைகளை அவருடைய மச்சான் படித்துக் காட்டியிருக்கிறார். பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்து முடித்த உற்சாகத்தில், ‘வந்து அந்தப் பெரிய மேஸ்திரியைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்யுங்கள்’ என்று கூப்பிட்டுவிட்டார். சண்டை நடக்கிற ஊருக்கு யாராவது போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். பரீட்சைத் தாள் திருத்துவதிலிருந்து தப்பிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

“வாங்க தம்பி, பிரயாணமெல்லாம் எப்புடி இந்திச்சு?” என்று கட்டிக்கொண்டார் ஹமீது.

“போன்ழூர் முசியே!” என்றார் லூர்துசாமி. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக்காரர்களின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர்கள் ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருஷமாகியும், வேலைக்குப் புறப்படுகிறவர் மாதிரி தினமும் டை கட்டிக்கொள்கிறவர். தமிழ், பிரெஞ்சு, வியட்நாமியம் மூன்றும் தண்ணீராய் வரும். அந்த வாரம் முழுவதும் அவர்தான் என் மொழிபெயர்ப்பாளர். என் கஷ்டங்கள் எல்லாம் அங்கேதான் தொடங்கின.

ஊருக்குள் போக ஒரு குட்டி டாக்சி கிடைத்தது. என் பக்கத்துக் கதவை நானே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஓட்டுநரின் நிபந்தனை. ஒரு திருப்பத்தில் கையை விட்டேன். கதவு திறந்து, பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரனின் வாழைத்தாரை வாங்கிக்கொண்டு மூடியது. அவன் கோபப்படவில்லை. ஓட்டிக்கொண்டே கதவைத் திறந்து, தாரை எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு பழம் கொடுத்துவிட்டுப் போனான். தெருமுனைகளில் மணல் மூட்டைகளும் முள்கம்பியும். மணல் மூட்டையில் சாய்ந்தாற்போல் ஒரு அம்மாள் வாழைக்காயை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியை அவள் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹமீதின் மனைவி லான் வியட்நாமியப் பெண். முப்பது வருஷக் குடித்தனத்தில் காரைக்கால் தமிழ் அவருக்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

“மீனு இக்கிது, கீரை இக்கிது. கூச்சப்படாம திங்கணும்ணே” என்று பரிமாறினார். புளி கரைத்த மீன் குழம்பில் எலுமிச்சைப்புல்லை நசுக்கிப் போட்டிருந்தார். கூடவே வள்ளைக்கீரைப் பொரியல். நம் ஊர்க் குளத்தில் மாடு மேய்கிற அதே கீரை, பூண்டோடு வதக்கியதும் வேறு ஜாதியாகிவிட்டிருந்தது. இரண்டு முறை சோறு வாங்கினேன்.

மறுநாள் காலையில் கூட்டத்துக்கு அனுமதி வாங்கப் போனோம். போனது சிக்லோவில். நம் ஊர் ரிக்‌ஷாவில் ஓட்டுகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். இதில் ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்து மிதிக்கிறார். நாம் முன்னால், வண்டியின் மூக்கு மாதிரி. எதிரே வருகிற பஸ் முதலில் நமக்குத்தான் அறிமுகமாகும். கண்ணை மூடிக்கொண்டேன்.

அனுமதி கொடுக்கும் அதிகாரி ஒல்லியான மனிதர். மேஜையின் இரு பக்கமும் கோப்புகள் குவிந்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து நின்று குனிந்து வணங்கினார். லூர்துசாமி மொழிபெயர்க்க, விசாரணை தொடங்கியது.

“சொற்பொழிவு எதைப் பற்றி?”

“ஒரு கட்டடக் கலைஞரின் வாழ்க்கை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் சுல்தானின் படைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். அங்கே தச்சு வேலை கற்று, படையோடு நாடு நாடாகப் போய்ப் பாலங்கள் கட்டினார். ஐம்பது வயதுவாக்கில்தான் தலைமைக் கட்டடக் கலைஞரானார். அந்தப் பதவியில் மூன்று சுல்தான்களிடம் இருந்தார்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “மூன்று பேரா? முதலாமவரை யார் கவிழ்த்தது?”

“யாரும் கவிழ்க்கவில்லை. போருக்குப் போன இடத்தில் வயதாகி இறந்தார்.”

“வானொலியில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டாமவர்?”

“குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்கள்.”

அதிகாரியும் லூர்துசாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் சுல்தானின் காலத்தில் கட்டடக் கலைஞரே காலமாகிவிட்டார் என்றேன். அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“மூன்று சுல்தான்கள் இப்போதைய நிலைமைக்கு அதிகம். நடுவில் இருப்பவரை எடுத்துவிடுங்கள். குளியலறைச் சமாச்சாரம் நன்றாக இல்லை.”

நடுவில் இருப்பவருக்காகக் கட்டியதுதான் எதிர்னே நகரத்துப் பள்ளிவாசல். எண்பது வயதை நெருங்குகையில் கட்டியது. முதல் பெரிய பள்ளிவாசல் என் கற்றுக்குட்டி வேலை, இரண்டாவது கைபழகிய வேலை, இதுதான் நான் தேர்ந்த வேலை என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். அதை எடுத்துவிட்டால் மனிதர் கடைசிவரை தேறவே இல்லை என்றாகிவிடும். வெகுநேரம் மன்றாடினேன். சுல்தானின் பெயரைச் சொல்லாமல் ‘மேலிடம்’ என்று சொல்லிக்கொள்ள அனுமதித்தார்.

கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தி, கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “ஒன்று கேட்கிறேன். மேலே மூன்று பேர் மாறியும் இவர் நாற்காலி மட்டும் எப்படி மாறவில்லை?”

நான் நினைத்ததைச் சொன்னேன். “எப்போதும் ஏதாவது ஒரு குவிமாடம் பாதியில் நின்றது. பாதிக் குவிமாடத்தை இன்னொருவரிடம் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை போலிருக்கிறது.”

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு முடிந்துபோன கோப்புகளின் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி முடியாத குவியலில் வைத்தார். எங்கள் கோப்பையும் அதன்மேல் வைத்தார். “நாளைக்கு வாருங்கள், சுல்தானின் தலைமைக் கட்டடக் கலைஞர் அவர்களே” என்றார்.

வெளியே வந்ததும் லூர்துசாமியைப் பிடித்தேன். “அவர் என்னை என்ன என்று கூப்பிட்டார்?”

லூர்துசாமி டையைச் சரிசெய்தார். “பதாகையில அப்டித்தான் முசியே எழுதியிருக்கு, மனுவுலயும் அதையே போட்டுட்டேன். ‘சுல்தானின் கட்டடக் கலைஞரைப் பற்றிப் பேச வரும் பேராசிரியர்’னு எழுதணும். துணி பத்தல. ‘பற்றி’யையும் ‘பேராசிரியரை’யும் எடுத்துட்டேன்.”

“துருக்கியில் சுல்தானே இப்போது கிடையாதே!”

“இந்த ஊர்ல யாருக்கு முசியே அதெல்லாம் ஞாபகம்? இங்க யாரு இருக்காங்கன்றதே காலைல ரேடியோ கேட்டுதான் தெரியுது.”

அவர் சொன்னது மறுநாளே நடந்தது. விடிந்ததும் வானொலியில் பாட்டு நின்று இராணுவ பாண்டு வாத்தியம் ஒலித்தது. தெருவில் பீரங்கி வண்டி ஒன்று நின்றிருக்க, அதன் நிழலில் கரும்புச்சாறு வண்டி. ஹமீது கடையைப் பாதி திறந்து, சுவரிலிருந்த தலைவர் படத்தைக் கழற்றினார்.

லான் சமையலறையிலிருந்து கேட்டார்: “புது ஆளா? இல்லாட்டி முன்ன இருந்த புது ஆளா?”

“தெரியல. ஆணி அப்புடியே இக்கட்டும்.”

அலுவலகத்தில் அதே ஒல்லி அதிகாரி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் புதுக்களை. “நேற்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அது பழைய அரசாங்கத்தின் அனுமதி, இன்று செல்லாது. போடாததால் ஒரு சிக்கலும் இல்லை” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. உங்கள் ஆலோசனைக்கு நன்றி என்றாராம்.

அன்று மத்தியானம்தான் நிஜமான தொல்லை வந்தது. பள்ளிவாசலுக்குப் பின்வீட்டில் ஒரு மேஜர் குடியிருந்தார். அவர் ஆளனுப்பி ஹமீதைக் கூப்பிட்டார். எங்களையும் இழுத்துக்கொண்டு போனார் ஹமீது.

“உங்கள் மினாரா என் வீட்டுப் பக்கம் சாய்கிறது” என்றார் மேஜர். “என் மாமியார் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது தினமும் பார்க்கிறார். பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மேல்பாதியை இடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் என் ஆட்கள் வந்து இடிப்பார்கள்.”

ஹமீது என் கையைப் பிடித்து இழுத்தார். என் காதருகே குனிந்தார். “ஏற்கெனவே நம்ம ஆளுவ பாதிப் பேரு ஊருக்குக் கெளம்பியாச்சு தம்பி. மினாராவையும் பாதியாக்கிட்டா மிச்சம் இக்கிறவனும் மூட்டையக் கட்டிருவான். தொழுவ ஒரு வரிசைகூடத் தேறாது.”

உடனே லூர்துசாமி என்னைக் காட்டி வியட்நாமியத்தில் ஏதோ முழங்கினார். அதற்குள் ‘சுல்தான்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியானால் இவரே சொல்லட்டும். சாய்ந்திருக்கிறதா, இல்லையா?”

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மினாராவை ஒட்டி ஒரு தென்னை கோணலாக வளர்ந்திருந்தது. தென்னையைப் பார்த்தால் மினாரா சாய்ந்திருந்தது. மினாராவைப் பார்த்தால் தென்னை. எனக்கு ஷாஜகான் செத்த வருஷம் தெரியும். செங்கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேரம் கடத்துவதற்காகப் பெரிய மேஸ்திரியைப் பற்றிய ஒரு கதையைச் சொன்னேன். அவர் கட்டிய மினாரா சாய்ந்திருப்பதாகத் தெருவில் ஒரு குழந்தை சொன்னதாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மினாராவில் கயிறு கட்டி ஆட்களை இழுக்கச் சொல்லி, ‘இப்போது நேராகிவிட்டதா?’ என்று அந்தக் குழந்தையிடமே கேட்டாராம். அது ஆமாம் என்றதும் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஒருதரம் கோணல் என்ற பேச்சு ஊருக்குள் போய்விட்டால் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும்.

இதை லூர்துசாமி மிகுந்த உணர்ச்சியோடு மொழிபெயர்த்தார். மேஜரின் முகம் மலர்ந்தது.

“அவருக்குக் கதை பிடித்திருக்கிறதா?” என்று கேட்டேன்.

“கதையா?” என்றார் லூர்துசாமி. “நாளைக்கு நீங்க கயிறு கட்டி இழுத்து நேராக்கிடுவீங்கன்னு சொல்லிட்டேன் முசியே. லாரி குடுக்கறேன்றாரு.”

அன்றைக்கு லான் வைத்த கோழிச் சோற்றை ஒரு பிடியோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை லாரி வந்தேவிட்டது. முன்பக்கம் இரும்பு வடம் சுற்றிய உருளையோடு, மரங்களை வேரோடு பிடுங்குகிற ஜாதி. அது ஒரு இழுப்பு இழுத்தால் மினாரா என்ன, பள்ளிவாசலே எழுந்து கூட வரும். வேண்டாம், இதற்கு லாரி ஆகாது என்று கத்தினேன். லூர்துசாமி முதல் தடவையாகச் சுருக்கமாக மொழிபெயர்த்தார். மேஜர் கேட்கவில்லை. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். கறுப்புப் புகை கொத்துக் கொத்தாக மேலே எழுந்தது.

மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் வெடித்தது. மேஜரின் மாமியார். குள்ளமான கிழவி, கையில் நனைந்த போர்வை. அவர் பேசியதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. வெள்ளைத் துணிகளின் மேல் படிந்த கரியை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஒரு பட்டாளத்தையே நடத்துகிற மேஜர் குனிந்த தலையோடு போய் லாரியை அணைக்கச் சொன்னார். லாரி பின்வாங்கித் தெருவை விட்டே போனது.

லான் ஓடிப்போய்த் துணிக்கடையில் மூட்டை கட்டுகிற கயிற்றை எடுத்துவந்தார். பாங்கு சொல்லும் மோதினார் மேலே ஏறிக் கட்டிவிட்டு இறங்கினார். கீழே நாங்கள்: துணிக்கடைக்காரர்கள், மோதினார், கரும்புச்சாறு விற்பவர், லூர்துசாமி. நான் சுல்தானின் கட்டடக் கலைஞர் என்பதால் இழுக்கக் கூடாதாம். கையை மட்டும் ஆட்ட வேண்டும். ஆட்டினேன். எல்லாரும் இழுப்பதுபோல் முகத்தைச் சுளித்தார்கள். கயிறு தொய்வாகவே இருந்தது.

“இன்னும் கொஞ்சம்!” என்றார் மாடியிலிருந்து கிழவி. தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இன்னும்! இன்னும்! ஐயோ, அதிகம்! இப்போது அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது!”

கயிற்றைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மறுபக்கம் ஓடினோம். அங்கே இடமில்லாமல் மேஜர் வீட்டுக் கோழிக்கூட்டின்மேல் லூர்துசாமி ஏறி நின்று இழுத்தார். கூடு உடைந்து, கோழிகளோடு அவரும் கீழே இறங்கினார். மேஜர் தாங்க முடியாமல் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தானும் கயிற்றைப் பிடித்தார். அவர் மட்டும் நிஜமாகவே இழுத்தார். மேலிருந்து ஒரு துண்டுச் சுண்ணாம்பு உதிர்ந்து என் காலடியில் விழுந்தது.

“நிறுத்துங்கள்!” என்றார் கிழவி. வெகுநேரம் பார்த்தார். “இப்போது நேர்.”

மேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து தொப்பியை வாங்கினார். “நல்ல வேலை செய்தீர்கள்” என்றார். ஹமீது சுவரோரம் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்து ஒரு கட்டத்தில் அது அழுகையாகிவிட்டது. லான் அவர் சட்டையில் ஒட்டியிருந்த கோழி இறகை எடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் சொற்பொழிவு நடந்தது. அனுமதி கொடுத்த அதிகாரி முன்வரிசையில் இருந்தார். மேஜர் வரவில்லை, மாமியார் மட்டும் துவைத்த உடையில் வந்து லானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பேசினேன். கற்றுக்குட்டிப் பள்ளிவாசலில் தொடங்கி, மேலிடத்துக்காகக் கட்டிய எதிர்னே பள்ளிவாசல்வரை வந்தேன். அதன் குவிமாடத்தை எட்டுத் தூண்கள் எப்படிச் சத்தமில்லாமல் தாங்குகின்றன என்று கையால் காட்டினேன். ஹெலிகாப்டர் கடந்துபோகும்போதெல்லாம் நிறுத்தி, போனதும் தொடர்ந்தேன்.

கேள்வி உண்டா என்றதும் லான் எழுந்தார். “அவரு பொறந்த ஊருக்குத் திரும்பிப் போனாராண்ணே?”

“போய் அங்கே தங்கியதாகத் தெரியவில்லை. தலைநகரில்தான் இறந்தார். தான் கட்டிய பெரிய பள்ளிவாசலின் மதிலோரத்தில் சின்னதாக ஒரு கல்லறை இருக்கிறது. ஆனால் ஊரை மறக்கவில்லை. சுல்தான் ஒரு தீவைப் பிடித்தபோது, அங்கே குடியேற்ற அவர் ஊர்ப்பக்கத்து ஜனங்களையும் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. எண்பது வயதுக் கிழவர் மன்றாடிக் கேட்டார். அவருடைய உறவுக்காரர்களை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று சுல்தான் விட்டுவிட்டார்.”

லூர்துசாமி இதை வியட்நாமியத்தில் சொன்னார். ஹமீது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மேஜரின் மாமியார் எழுந்து, பாயை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். பேசி முடித்து என் முகத்தையே பார்த்தார்.

லூர்துசாமி டையைத் தளர்த்திக்கொண்டார். லான்தான் சொன்னார். “நாடு ரெண்டாப் போனப்ப இவங்க ஹனோயிலேந்து கப்பல்ல வந்தாங்கண்ணே. இவங்க அண்ணன் அங்கனயே நின்னுட்டாரு. பத்து வருசமா ஒரு சேதியும் இல்ல. அந்தப் பெரியவரு சொந்தக்காரங்களுக்குக் கேட்டு வாங்குனாருல்ல, அதே மாதிரி நீங்களும் உங்க சுல்தானுட்ட சொல்லி இவங்க அண்ணனையும் விடச் சொல்லணுமாம்.”

நான் சுல்தானின் ஆளில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கிழவியின் விரல்கள் முழங்கையை இறுக்கின. ஹமீதைப் பார்த்தேன். அவர் உதவிக்கு வரவில்லை.

“அண்ணன் பெயர் என்ன?” என்று கேட்டேன்.

“ஸூங்” என்றார் கிழவி.

“ஸூங்” என்றேன். இல்லை என்று தலையசைத்தார். தெற்கத்திக்காரர்கள் அதை ‘யூங்’ என்று தாழ்த்தி இழுப்பார்கள் என்றும், இவருடைய வீட்டில் மருமகன்கூட அப்படித்தான் சொல்வார் என்றும் லான் விளக்கினார். வடக்கத்திப் பேச்சில் குரல் மேலே ஏற வேண்டும்; பாதியில் தொண்டையில் ஒருகணம் தடுக்கி நிற்க வேண்டும்; மறுபடி ஏற வேண்டும். கிழவி தன் விரலைக் காற்றில் உயர்த்தி, நிறுத்தி, உயர்த்திக் காட்டினார். நான் சொன்னேன். இல்லை. மறுபடி சொன்னேன். அதிகாரி முன்வரிசையிலிருந்து சொல்லிக்காட்டினார். அவரையும் இல்லை என்று அடக்கினார். முற்றம் முழுவதும் காத்திருந்தது. விரலையே பார்த்துக்கொண்டு, குரலை ஏற்றி, தடுக்கி, ஏற்றினேன்.

கிழவி கையை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.